ஆளில்லாத படம்

பிலேந்திரனுக்கு அந்த ஞாயிறு மலைக்குப் போக மனமே இல்லை. கிழமை முழுக்க கராஜில் பஸ் கழுவிய தோள்கள் ஓய்வு கேட்டுக் கெஞ்சின. ஆனாலும் காலைப் பூசையைக்கூட விட்டுவிட்டு ஒஸ்லோவின் எல்லிங்ஸ்ருட் அடுக்குமாடியின் முன்னால் காரை இயக்கினார். மனைவி மரியரஞ்சனி தேநீர்ப் போத்தலோடும் வழமையான படச் சாமான் பையோடும் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

எல்லாம் ஒரு கலண்டரால் வந்த வினை. அடுக்குமாடிச் சங்கம் வருடாவருடம் குடியிருப்பவர்கள் எடுத்த படங்களை வைத்து ஒரு கலண்டர் அடிக்கும். புதன்கிழமை சங்கத் தலைவி படிக்கட்டில் மறித்துக் கேட்டார். ஒக்டோபர் பக்கத்துக்கு மலையின் இலையுதிர்காலப் படம் ஒன்று வேண்டும்; இயற்கை மட்டும், ஆட்கள் கூடாது; திங்கட்கிழமைக்குள் தர வேண்டும். தன்னிடம் நூற்றுக்கணக்கில் கிடக்கிறது என்று மார்தட்டிவிட்டு வந்தார் பிலேந்திரன்.

அன்று பின்னேரம் கணினியைத் திறந்தவருக்குத் தலை சுற்றிவிட்டது. பதினொரு வருடப் படங்கள். வால்ட்ரெஸ் மலை, ரொண்டானே மலை, மஞ்சள் பேர்ச் மரங்கள், சிவந்த தரை. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு மணப்பெண், இல்லையென்றால் பூப்படைந்த சாமத்திய வீட்டுப் பிள்ளை, அதுவும் இல்லையென்றால் இலங்கையிலிருந்து வந்த மாமா ஒருவர், இரவல் கோட்டோடு. ஆளில்லாத படம் சத்தியமாக ஒன்றுகூட இல்லை. நம்முடைய சனத்துக்கு மலை என்பது முதுகுக்குப் பின்னால் நிற்க வேண்டிய சாமான். வெறும் மரத்துக்கு யார் கமெராவைத் தூக்குவது?

முதலில் வடகோடி ஹம்மர்பெஸ்டில் மீன் வெட்டியவர், இப்போது ஒஸ்லோவில் பஸ் கழுவுபவர், சனி ஞாயிறுகளில் மற்றவர்களின் கலியாணத்தைப் படமெடுப்பவர். பதினைந்து வருடம் இதே படிக்கட்டில் ஏறி இறங்கியும் அயலவர்களுக்கு அவர் யாரென்று தெரியாது. அந்தக் கலண்டரில் ஒருமுறையாவது தன் பெயர் வர வேண்டும். சின்ன ஆசைதான், ஆனால் பொல்லாத ஆசை.

நான்கரை மணி நேரம் ஓடி ரொண்டானேக்குப் போய்ச் சேர்ந்தார்கள். முதல்நாள் அடித்த காற்று மரங்களை மொட்டையாக்கியிருந்தது. மலையில் செப்ரெம்பர் நடுவில் வரும் நிறம் ஒரு கிழமைக்கு மேல் தங்காது என்று அவருக்குத் தெரியும். ஒஸ்லோவுக்கு அது இறங்கி வர ஒக்டோபர் ஆகிவிடும். இங்கே முடிந்துவிட்டது, அங்கே இன்னும் தொடங்கவில்லை. போன கிழமை இதே இடம் தகதகவென்று இருந்தபோது இங்கேதான் ஒரு மாப்பிள்ளையின் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு நின்றார்.

பின்னேரம் வரை நடந்தார்கள்.

"இஞ்சாருங்கோ, இனி என்னாலை ஏலாது," என்றார் மரியரஞ்சனி.

அப்போதுதான் ஓடைப் பள்ளத்தில் அந்த ஒற்றை பேர்ச் கண்ணில் பட்டது. காற்று எட்டாத இடம், இலை முழுக்க மஞ்சள். வெயில் மலைக்குப் பின்னால் மறையப்போகிறது. பிலேந்திரன் அவசரமாக முக்காலியை விரித்துக் குனிந்தார். படத்தின் ஓரத்தில் ஏதோ மினுங்கியது. முகங்களில் வெளிச்சம் அடிக்கப் பிடிக்கிற வெள்ளித் தட்டியை மரியரஞ்சனி இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். மரத்தடியில் யாருமே இல்லை.

"ஆருக்கப்பா பிடிக்கிறீர்?"

மரியரஞ்சனி மரத்தடியைப் பார்த்தார். களைத்துப்போய்ச் சிரித்தார். "பழக்கதோசம். தள்ளி நிக்கிறன், நீங்கள் எடுங்கோ."

பிலேந்திரனின் விரல் அழுத்தவில்லை. பதினொரு வருடம், எல்லாப் படத்துக்கும் ஒரு அடி வெளியே இந்த மனுசி நின்றிருக்கிறாள். ஒன்றிலும் இல்லை. அவருக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

"தள்ள வேண்டாம். தட்டியை வைச்சிட்டு மரத்தடிக்குப் போம்."

"கலண்டருக்கு ஆள் கூடாதெல்லே? வெயில் போகுது, ஒரு படத்துக்குத்தான் காணும்."

"ஓம், தெரியும். போய் நில்லும்."

மரியரஞ்சனி போய் நின்றார். வெயில் அடிமரத்தை விட்டு மேலே ஏறி, அவர் முகத்தில் மட்டும் மிச்சமிருந்தது. இருநூறு மணப்பெண்களுக்கு நாடியை உயர்த்தச் சொல்லி, கையை மடிக்கச் சொல்லிக் கொடுத்தவர், இப்போது இரண்டு கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கையை எங்கை வைக்கிறது?"

பிலேந்திரன் கமெராவிலிருந்து தலையை எடுத்தார்.

"எனக்குத் தெரியாதப்பா. அதை எப்பவும் நீர்தானே சொல்லுறனீர்."