பிகு ஆட்டம்

உலகச் சண்டை முடிந்த மறு வருடம், பெரம்பலூர்–அரியலூர் பஸ்ஸில் ஒரு கண்டக்டர் இருந்தார். பட்டாளத்தோடு அஸ்ஸாம் போய்த் திரும்பியவர். ஒல்லி உடம்பு, சாயம்போன காக்கிச் சட்டை. குன்னம் தாண்டியதும் படியில் நின்றபடி பஸ்ஸின் தகரத்தில் விரல்களால் ஒரு துள்ளல் தாளம் போடுவார்.

சித்திரை முதல் நாளன்று கேட்டேவிட்டேன். "என்ன தாளங்க இது?"

"பிகுங்க. அஸ்ஸாம்ல ஆடுற ஆட்டம். அவங்களுக்கும் இப்பதான் வருசப் பொறப்பு. மத்தளமும் எருமைக் கொம்புக் குழலும் கேட்டா கால் நிக்காது."

"பிகு பண்ணிக்கிட்டே ஆடுவாங்களோ?" என்று பல்லைக் காட்டினேன்.

"அவங்க பண்ணலீங்க. ஒரு பொண்ணு கையை நீட்டி ஆடக் கூப்புட்டுச்சு. நான்தான் பிகு பண்ணிக்கிட்டு நின்னுட்டேன்."

அரியலூர் வரும்வரை அவர் தகரத்தைத் தொடவில்லை. இன்றும் யாராவது "பிகு பண்ணாதே" என்றால், எனக்கு அந்தத் தாளம்தான் கேட்கிறது.