சித்தப்பா பின்னிய சடை

எனக்கு ஒன்பது வயதில் என் சித்தப்பா மகளைக் கண்டாலே வயிறு எரியும். அதற்கு முந்தைய வருடம் வரை எரிந்தது அவளுக்குத்தான்.

வங்காளிகள் நடுவே, சால்ட் லேக்கில் ஒரே கட்டடத்தில் மாடியில் நாங்கள், கீழே அவர்கள். அப்பாவுக்கு நிலக்கரிக் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் வேலை. சாயங்காலமானால் வீட்டுக்கு வந்துவிடுவார். அவருடைய தம்பியான சித்தப்பாவுக்கோ ராணிகஞ்ச் பக்கம் சுரங்கத்துக்குள் வேலை. காலை, மதியம், ராத்திரி என்று ஷிப்ட் வாரத்துக்கு வாரம் மாறும். ஓய்வு நாள் ஞாயிற்றுக்கிழமையில் வராது. அவர் ரயிலேறி வரும் நாளில் மகள் பள்ளிக்கூடத்தில் இருப்பாள். அவள் திரும்பும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார். என் அப்பா தினமும் வருகிறாரே என்று நான் அவளிடம் பீற்றிக்கொள்வேன்.

பிறகு அந்தச் சுரங்கத்தை மூடினார்கள். திறந்தவெளிச் சுரங்கங்களுக்கு இயந்திரங்களும் ஒப்பந்தக்காரரின் ஆட்களும் போதுமாம். சித்தப்பாவுக்கு விருப்ப ஓய்வு கொடுத்தார்கள்; விருப்பம் யாருடையது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் வீட்டோடு வந்துவிட்டார் என்பதுதான். பள்ளிக்கூட வாசலில் வந்து நின்று அவள் பையை வாங்கிக்கொள்வார். காலையில் அவளுக்குச் சடைகூடப் பின்னிவிட்டார். ஒன்று காதுக்கு மேலே, இன்னொன்று கழுத்தோரம். வகுப்பே சிரித்தது, அவளோ தலையை ஆட்டி ஆட்டி நடந்தாள். அந்தக் கோணல் சடை எனக்கு இல்லையே என்று பொருமினேன். என் அப்பாவோ அந்த மாதங்களில் நேரம் கழித்தே வந்தார். கீழ்வீட்டுக் கதவைத் தாண்டும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறுவார்.

ஊருக்குக் காளி பூஜை, எங்களுக்குத் தீபாவளி. இரண்டு குடும்பமும் எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தோம். சித்தப்பா தன் வடையை எடுத்து மகள் தட்டில் வைத்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அப்பா, சித்தப்பா மாதிரி நீங்களும் வீட்லயே இருங்களேன்" என்றேன்.

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். சித்தப்பா சிரித்தார்.

"அதெல்லாம் எல்லாருக்கும் கெடைக்காது கண்ணு. எந்தச் சுரங்கத்துக்கு எத்தனை பேர் போதும்னு முடிவு பண்றது உங்கப்பா ஆபீஸ்தான். அவர் புண்ணியத்துலதான் நான் வீட்ல இருக்கேன்."

அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கைகழுவப் போனார். எனக்கு ஆத்திரமாக வந்தது. தம்பிக்கு இவ்வளவு நல்லது செய்தவர், பெற்ற மகளுக்காக அதைத் தனக்கும் செய்துகொள்ளக் கூடாதா? அன்று முழுக்க நான் அவரோடு பேசவில்லை. வீட்டில் வேறு யாரும்கூடப் பேசவில்லை. எல்லாரும் என் பக்கம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.