ஊறிப்போன விரல்

கனடாவில் இருக்கும் என் மச்சாள் மார்கழி பிறந்தால் பனி மூடிய தன் காரைப் படம் பிடித்து அனுப்புவாள். "எங்கட விண்டரைப் பாத்தீங்களோ, நீங்கள் குடுத்து வைச்சனீங்கள்" என்று கீழே எழுதியிருப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வெள்ளையாக, சுத்தமாக, மணம் குணம் இல்லாமல் விழுகிற குளிர்காலம் அவளுடையது. எங்கள் மாரியைப் பார்க்க வேண்டுமென்றால் அவள் ஒரு கிழமை எங்கள் மீனவ ஊரான சல்லியிலிருந்து திருகோணமலை நகரத்துக்கு மோட்டார் சைக்கிளில் கந்தோருக்கு வேலைக்குப் போய்வரட்டும்.

கணவர் கட்டாருக்குப் போனபோது விட்டுப்போன மோட்டார் சைக்கிள் அது. பஸ்ஸில் போகலாமே என்று கேட்கிறவர்கள் காலை ஏழரைக்கு எங்கள் சந்தியில் வந்து நின்று பார்த்துவிட்டுப் பேசட்டும். காற்சட்டை, அதற்கு மேல் மழைக்கோட்டு, முதுகில் பை. பைக்குள், நனையாமல் இரண்டு பொலித்தீன் சொப்பின் பையில் சுற்றிய சேலை. கந்தோரில் பெண்கள் சேலைதான் கட்ட வேண்டும். ஆகவே தினமும் காலையில் கந்தோர்க் கக்கூசுக்குள், ஈரத் தரையில் குதிக்காலில் நின்றபடி, கொசுவத்தைப் பல்லால் கடித்துக்கொண்டு சேலை கட்டுவேன். அந்தத் தரையில் நிற்பது மழைத் தண்ணீரா வேறு ஏதாவதா என்று ஆராயப் போனால் வேலையை விட வேண்டியதுதான்.

மழையைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க ஏலாதது வீதியில் கிடப்பதுதான். சாம்பல்தீவுப் பாலத்தில் கடற்காற்று பக்கவாட்டில் வந்து ஆளை விழுத்தப் பார்க்கும். உப்புவெளிக்கு வந்தால் கான் நிறைந்து கழிவுத் தண்ணீர் வீதியில் ஓடும். அதில் மிதந்து வருகிற பம்பர்ஸ் எந்த வீட்டுப் பிள்ளையுடையதோ, என் செருப்பில் வந்து மோதும். நகரத்துக்குள் மாடுகளைப்போலத் திரிகிற மான்கள் குப்பைப் பைகளைக் கிழித்து நடுவீதிவரை இழுத்து வைத்திருக்கும். உல்லாசப் பயணிகள் அந்த மான்களைப் பார்த்து உருகுகிறார்கள். நான் அவை கிழித்துப் போட்ட பழஞ்சோற்றில் வழுக்கி ஒருநாள் முழங்கால் உரிந்து போனவள். மூன்று மாதமாக வெயில் காணாத ஹெல்மெட்டின் பஞ்சில் பூஞ்சணம் பிடித்து, மூச்சு விட்டால் அதுவே திரும்பி மூக்குக்குள் வரும்.

இவ்வளவும் தாண்டி நேரத்துக்கு வந்து சேர்ந்தால், வாசலில் பிங்கர் மெசின். வரவு பதிகிற இந்தச் சனியனுக்கு ஈரத்தில் ஊறிச் சுருங்கிய விரல் பிடிக்காது. "ட்ரை அகெய்ன்" என்று ஒரு வெள்ளைக்காரி குரலில் சொல்லும். நாலு தரம், ஐந்து தரம் சொல்லும். ஒன்பதேகாலுக்குக் கந்தோர் வாகனத்தில் நனையாமல் வந்து இறங்குகிற எங்கள் மேலதிகாரிக்கு மட்டும் முதல் தொடுகையிலேயே "தாங்க் யூ". மெசினுக்கும் ஆள் பார்த்துப் பேசத் தெரிகிறது.

எட்டரைக்குப் பிந்தி மூன்று தடவை பதிவு விழுந்தால் அரை நாள் லீவு வெட்டுவார்கள். அந்த மார்கழியில் எனக்கு ஏற்கெனவே இரண்டு தடவை விழுந்திருந்தது. இரண்டு நாளும் நான் எட்டரைக்கு முன்னமே வாசலில் நின்று விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தவள்தான். மிஞ்சியிருந்தது இரண்டே நாள் லீவு. அந்த இரண்டு நாளும் மகளுக்கு. அவளுக்கு ஏழு வயது. காதில் சீழ் வடிந்து செவிப்பறையில் ஓட்டை விழுந்து, நாலு மாதம் காத்திருந்து ஆஸ்பத்திரியில் ஆப்பரேசனுக்குத் திகதி எடுத்திருந்தோம். முதல் நாள் ஆப்பரேசன், இரண்டாம் நாள் வாட்டில் கூட இருக்க வேண்டும். வீட்டில் இருக்கிற மாமிக்கு முழங்கால் வருத்தம், எழும்பி நடக்கவே ஏலாது. மேலதிகாரியிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தேன். "லீவு இருந்தாத் தாறன். அரை நாள் குறைஞ்சாலும் என்னட்ட வராதேங்கோ" என்றார்.

ஆப்பரேசனுக்கு முதல்நாள் பேய் மழை. உப்புவெளியில் ஒரு மீன் லொறிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டேன். முந்துவோம் என்று அதன் வாலை ஒட்டி வந்த நேரம் லொறி குழிக்குள் விழுந்து எழும்பியது. பின்கதவுக்கு அடியால் ஐஸ் கரைந்த தண்ணீர், இரத்தமும் செதிலுமாக, என் இரண்டு கையிலும் மடியிலும் கொட்டியது. சல்லியில் பிறந்தவளுக்கு மீன் நாற்றம் புதிதில்லை. ஆனால் அது மீன் நாற்றம் இல்லை, நாலு நாள் பழுதுபட்ட தண்ணீர். ஹெல்மெட்டுக்குள் ஓங்காளித்துக்கொண்டே ஓட்டினேன்.

கந்தோர் வாசலில் எட்டு இருபத்தொன்று. குழாயில் கழுவினேன், சவர்க்காரம் இல்லை. விரலை வைத்தேன். "ட்ரை அகெய்ன்." தலைமயிரில் தேய்த்து வைத்தேன். "ட்ரை அகெய்ன்." என்னிடம் உலர்ந்திருந்தது பைக்குள் இருந்த சேலை ஒன்றுதான். அதில் துடைத்தால் அந்த நாற்றத்தோடு நாள் முழுவதும் நான்தான் இருக்க வேண்டும்.

மேலதிகாரியின் அறை திறந்து கிடந்தது. அவருடைய கதிரையின் முதுகில் வெள்ளைத் துவாய், தும்பைப்பூப்போல. உள்ளே போய் அதைப் பிடித்து இரண்டு கையையும் துடைத்தேன். விரலை அதற்குள் பொத்தித் தேய்த்து, வாயால் ஊதி, மறுபடி தேய்த்தேன். பிறகு சுத்தமான பக்கம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டுவிட்டு ஓடினேன். எட்டு இருபத்தொன்பதுக்கு மெசின் "தாங்க் யூ" என்றது. அந்த நேரம் எனக்கு வந்த சந்தோசத்தை என்னவென்று சொல்ல. கக்கூசுக்குள் போய்ச் சேலையைக் கட்டி, பவுடர் போட்டு, மனுசியாக வந்து என் கதிரையில் உட்கார்ந்தேன்.

அன்று பொதுமக்கள் வருகிற நாள். மேலதிகாரியின் அறை வாசல் வாங்கில் முதல் ஆளாக, ஊரில் எங்கள் ஒழுங்கைக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். தோணி உடைந்ததற்கு ஒரு கடிதம் எடுக்க வந்தவர். குளித்து, திருநீறு பூசி, வெளுத்த சேட்டும் சாரமுமாக, முழங்காலில் பையை வைத்துக்கொண்டு ஒடுங்கி இருந்தார்.

மேலதிகாரி வந்தார், உட்கார்ந்தார், சாய்ந்தார். இரண்டு நிமிடம் போகவில்லை.

"என்ன இது? என்ன மீன் நாத்தம்?"

பியோன் ஓடினான். மேலதிகாரி கதவால் எட்டி வாங்கைப் பார்த்தார். மூக்கைக் கைலேஞ்சியால் பொத்திக்கொண்டார்.

"எங்கயிருந்து வாறீங்கள்?"

"சல்லி, ஐயா."

"நினைச்சனான். கந்தோருக்கு வரேக்க குளிச்சிட்டு வர ஏலாதே? வெளியில போய் நில்லுங்கோ, கூப்பிடுவம்."

"குளிச்சிட்டுத்தான் வந்தனான், ஐயா" என்று அவர் மெல்லச் சொன்னார். யாரும் கேட்கவில்லை. எழும்பித் தன் சேட்டின் கையை மூக்கடியில் பிடித்து மணந்து பார்த்தார். அதுதான் என்னால் பார்க்க முடியாமல் போனது. தன்னிலேயே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வாசலில் ஒதுங்க இடம் இல்லை. மழைக்குள் மரத்தடியில் போய் நின்றார்.

நான் வாய் திறந்திருக்கலாம். திறந்திருந்தால் அவருடைய கோபத்தில் லீவு போயிருக்கும், திகதி போயிருக்கும், மகளின் காதும் போயிருக்கும். இதைத்தான் அன்று எனக்குச் சொல்லிக்கொண்டேன், இன்றும் சொல்லிக்கொள்கிறேன். ஒவ்வொரு தரமும் அருவருப்பு மேலெழும்பித்தான் வருகிறது. என் மேல்.

பதினொன்றரைக்கு அவரைக் கூப்பிட்டு, வாசலில் நிற்க வைத்தே கடிதத்தைக் கொடுத்தார்கள். போகிற போக்கில், சொட்டச் சொட்ட, என் மேசையிலிருந்து நாலடி தள்ளி நின்றார். கிட்ட வரப் பயந்தார்.

"நாளைக்குப் பிள்ளைக்கு ஆப்பரேசனாம். உங்கட மாமி சொன்னவ. ஒண்டுக்கும் யோசியாதேங்கோ பிள்ளை, அம்மன் பாத்துக்கொள்ளுவா."

ஊரில் அவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். கந்தோரே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஓம், ஐயா" என்றேன்.