அண்ணனுக்கு வைத்த ஸ்டென்ட்

அறுவடை நேரத்தில்தான் அண்ணனுக்கு மூத்திரம் அடைத்துக்கொண்டது. கடம்பத்தூர் பக்கத்திலிருந்த எங்கள் நெல் வயலை அவர்தான் பார்த்துக்கொண்டார். நான் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையில் வேலை செய்கிறேன். ஆஸ்பத்திரியில் டியூப் போட்டார்கள். புராஸ்டேட் வீங்கி வழியை நெரிக்கிறது, ஆனால் ஒருமுறை மாரடைப்பு வந்தவருக்கு ஆபரேஷன் செய்வது ஆபத்து என்றார்கள்.

அதன்பிறகு அவர் மூத்திரப் பையோடு வாழ்ந்தார். லுங்கிக்குள் அதை மறைத்துக்கொண்டு நடப்பார். வயலுக்குப் போவது நின்றது. யாராவது வந்தால் உள்ளறைக்குப் போய்விடுவார். நாற்றம் அடிக்கிறதா என்று அண்ணியைக் கேட்டுக்கொண்டே இருப்பார். மகளின் கல்யாணம் நெருங்கியபோது என்னைக் கூப்பிட்டார்.

"பைய வச்சிக்கினு மணையில குந்த மாட்டேன். நீயே தாரை வாத்துக் குடுத்துடு."

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், அவரை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு டாக்டரிடம் வேறு வழி கேட்டேன். ஸ்டென்ட் வைக்கலாம் என்றார். சின்னக் கம்பிச் சுருள். அடைத்த வழியைத் திறந்து வைத்திருக்கும். முழு மயக்கம் தேவையில்லை. ஆனால் அது இடம் நகரலாம், அதன்மேல் உப்பு படியலாம், கிருமி தொற்றலாம், எடுக்க வேண்டியும் வரலாம். அண்ணனிடம் முதல் பாதியை மட்டும் சொன்னேன். அவர் சம்மதத் தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

கல்யாணத்தில் வேட்டி கட்டி மணையில் உட்கார்ந்து அவரே தாரை வார்த்தார். சாப்பாட்டுப் பந்தியில் நின்று எல்லோரையும் உபசரித்தார்.

சில வாரங்களில் சிறுநீர் தானாகக் கசிய ஆரம்பித்தது. கிழிந்த துணியை மடித்து உள்ளே கட்டிக்கொண்டு, வலியையும் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். குளிர் காய்ச்சல் வந்து நினைவு தப்பிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஸ்டென்ட் நகர்ந்து, உப்பு படிந்திருந்தது. கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது. அதை எடுத்துவிட்டு மறுபடியும் டியூப் போட்டார்கள். பிழைப்பாரா என்று பத்து நாள் தெரியவில்லை.

அண்ணன் கண் திறந்து பேச ஆரம்பித்ததும் டாக்டர் வந்தார். இப்படி ஆகலாம் என்று தம்பியிடம் சொல்லியிருந்தேனே, உங்களிடம் சொன்னாரா என்று கேட்டார். அண்ணன் என்னைப் பார்த்தார்.

"சொன்னான் சார். எல்லாம் சொன்னான்."

டாக்டர் போன பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"தெரிஞ்சிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேன். அதுக்குத்தான் மறைச்சியாடா?"

நான் கட்டிலில் தொங்கிய பையை எடுத்துக் காலி செய்தேன்.

இப்போது மாதாமாதம் டியூப் மாற்ற அண்ணியைத்தான் அழைத்துக்கொண்டு போகிறார். நான் லீவு போட்டுவிட்டு வருகிறேன் என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். வேண்டாம் என்கிறார்.