பின்வளவுப் போறணையும் மாப்பிள்ளை வீட்டாரும்

மட்டக்களப்பில் காலை ஆறரைக்கு பஸ் ஏறினேன். கல்முனைக்கு நாற்பது கிலோமீற்றர்தான். ஆனால் எங்கள் பஸ், கை நீட்டாதவர்களுக்காகவும் நின்றது. களுவாஞ்சிக்குடியில் நடத்துனர் இறங்கித் தேநீர் குடித்தார். அதைப் பார்த்துச் சாரதியும் குடித்தார். எட்டே முக்காலுக்குக் கல்முனையில் இறங்கியபோது யாரையாவது நன்றாக ஏச வேண்டும் போலிருந்தது.

நான் தேடி வந்தது பாண். குரக்கனையும் சிவப்பரிசியையும் தவிட்டோடு அரைத்து, கடை ஈஸ்ட் போடாமல் இரவு முழுக்கப் புளிக்கவிட்டு, விறகு எரிக்கும் போறணை அடுப்பில் சுடும் பாண். சாய்ந்தமருதில் ஒரு வீட்டில் சனிக்கிழமை மட்டும் சுடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, கண்டியிலிருந்து புறப்பட்டு, முதல்நாள் மட்டக்களப்பில் தங்கி வந்திருந்தேன்.

மூன்று கிலோமீற்றருக்கு ஓட்டோக்காரர் நானூறு ரூபாய் கேட்டார். பேசாமல் ஏறினேன். அவர் பேசாமல் வரவில்லை.

"குரக்கன் பாணா? அது சீனி வருத்தக்காரர் திங்கிற சாமான் மிஸ். ஒங்களுக்கென்ன வருத்தம்?"

"ஒரு வருத்தமும் இல்லை."

"அப்ப என்னத்துக்கு? இஞ்ச நல்ல பேக்கரி ஒண்டு இரிக்கு. மீன் பணிஸ் சுடச்சுட எடுக்கலாம்."

சொன்னதோடு விடாமல் அந்தப் பேக்கரி வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்தினார். நான் இறங்க மறுத்தேன். பெருமூச்சு விட்டுக்கொண்டே கடற்கரைப் பக்கம் திருப்பினார்.

ஒன்பதரைக்கு வீட்டைக் கண்டுபிடித்தோம். வீட்டுக்காரர் ஹனிபா காக்கா, பின்வளவில் ஒரு நீலத் தறப்பாளை இழுத்து எதையோ மூடிக்கொண்டிருந்தார்.

"இண்டைக்குப் பாண் இல்ல மிஸ். மாப்பிள்ள வீட்டார் வீடு பாக்க வாறாங்க."

"போனில் கேட்டேனே! சனிக்கிழமை வரச் சொன்னீர்களே?"

"ஓம், சொன்னதான். அவங்க ராத்திரித்தான் சொன்னாங்க, வாற எண்டு."

தறப்பாளுக்குள் இருந்தது போறணை. இந்தக் கரையில் பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் பெற்றோர் வீட்டை அவள் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வேறிடம் போவார்கள். மாப்பிள்ளைதான் அங்கே குடிவருவார். அதனால் மாப்பிள்ளை வீட்டார் முதலில் வந்து வீட்டைச் சுற்றிப் பார்ப்பார்கள். இந்த மாப்பிள்ளையிடம் கார் இருக்கிறது. போறணையை உடைத்தால் கார் விட இடம் வரும் என்று அவர்கள் சொல்லியனுப்ப, காக்காவும் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டார். அடுத்த கிழமை மேசன் வருவாராம்.

"கல்லும் களிமண்ணும்தானே மிஸ், ஒரு பெரிய விசயமா?" என்றார். முகத்தைப் பார்த்தால் பெரிய விசயமாகத்தான் தெரிந்தது.

குசினியில் அவருடைய மகள் ரிஸ்னா, தட்டுகளில் பொங்கிக்கொண்டிருந்த மாவைப் பார்த்தபடி நின்றாள். இங்கே மா பிசைவதும் புளிக்க வைப்பதும் அவள்தான். வாப்பா நெருப்பு மட்டும் பார்ப்பார். குரக்கனில் பசை கிடையாது. கொஞ்சம் கோதுமை மா சேர்த்துத்தான் நிமிர்த்தி எடுக்க வேண்டும். நேரம் தப்பினால் சரிந்துவிடும்.

"ராத்திரியே வாப்பாட்டச் சொன்ன, பிசைஞ்சாச்செண்டு. போறணை இன்னும் உடைக்காம நிக்கிறது வாறவங்களுக்குத் தெரியப்படாதாம். இந்த மாவுக்குச் சொன்னா விளங்குமா மிஸ்?" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவ்வளவு தூரம் வந்தது ஒரு தறப்பாளைப் பார்க்கவா?

பத்து மணிக்கு வருவதாகச் சொன்னவர்களைப் பத்தரை தாண்டியும் காணவில்லை. மா தட்டின் விளிம்புக்கு வந்துவிட்டது. ரிஸ்னா பின்வளவுக்குப் போய்த் தறப்பாளை உருவி எறிந்தாள். விறகை அடுக்கிப் பற்றவைத்தாள். காக்கா தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

நடுப்பகல் லுஹர் தொழுகை முடிந்த கையோடு, அவள் தணலை வாரி ஒதுக்கிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, கார் வந்தது. மாப்பிள்ளையின் தாய் முன்னறையில் உட்காரவே இல்லை. நேரே பின்னால் வந்தார். சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு, "இத இன்னும் உடைக்கல்லயா?" என்று காக்காவிடம் கேட்டார்.

"வாற கிழமை..." என்று காக்கா இழுத்தார்.

ரிஸ்னா நிமிர்ந்தாள். "வாப்பா, வீட்ட யார்ர பேருக்கு எழுதப் போறீங்க?"

"ஒன்ட பேருக்குத்தான் மகள்."

"அப்ப போறணையும் என்டதானே? உடைக்கச் சொல்ல முதல் என்னட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?" பிறகு அந்தத் தாயிடம் திரும்பி, மரியாதையாகவே சொன்னாள்: "மாமி, கார் ரோட்டுல நிக்கட்டும். போறணை இஞ்சதான் நிக்கும்."

அவர் அவளை ஒரு தரம் பார்த்தார், போறணையை ஒரு தரம் பார்த்தார். "மறுகா கதைப்பம்," என்று சொல்லிவிட்டுப் படலையை நோக்கி நடந்தார். மேசையில் வைத்த வட்டிலப்பத்தை யாரும் தொடவில்லை.

"மாப்பிள்ள போச்சே புள்ள!"

"போனாப் போகட்டும் வாப்பா. மா சரியப் போகுது. கெதியா தட்டுகள எடுத்துத் தாங்க."

காக்கா எடுத்துக் கொடுத்தார்.

ஒன்றே காலுக்குப் பாண் வெளியே வந்தது. கறுத்துத் தடித்த மேல்தோல், உள்ளே ஈரம், இலேசான புளிப்பு. முந்நூற்றைம்பது ரூபாய் கொடுத்து வாங்கி, பஸ்ஸிலேயே பாதியைப் பிய்த்துத் தின்றேன். அருமையாக இருந்தது. அதையும் அன்று எரிச்சலோடுதான் ஒப்புக்கொண்டேன்.

அந்தப் பெண்ணை நினைக்க எனக்குப் பொறாமையாக இருந்தது. கண்டியில் எங்கள் வீடு அண்ணனுக்கு. அவனுடைய கல்யாணத்துக்கு வீட்டைத் திருத்தியபோது நான் படித்த அறையை இடித்துக் குளியலறை கட்டினார்கள். என்னிடம் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஏன் கேட்கவில்லை என்று கேட்க எனக்கும் தோன்றவில்லை.