குத்தம்பாக்கத்திலிருந்து ஏறாத போட்டோக்கள்

நடந்தவை, வரிசையாக:

1. சாலை தோண்டியதில் எங்கள் குத்தம்பாக்கம் யூனிட்டுக்கு வந்த இணைய கேபிள் அறுந்தது.
2. அவசரத்துக்கு சிம் போட்ட ரவுட்டர் ஒன்றை வைத்தார்கள். அம்பத்தூர் அலுவலகத்தையும் யூனிட்டையும் இணைக்க நான் லினக்ஸில் அமைத்திருந்த விபிஎன் டன்னல் அதன் வழியாகவும் உடனே வேலை செய்தது.
3. அன்றிலிருந்து யூனிட்டின் தர ஆய்வு ரிப்போர்ட்டுகள் வந்தன. கூடவே வர வேண்டிய, உதிரிபாகங்களை அளக்கும் போட்டோக்கள் வரவில்லை.
4. அங்கே ஆய்வு செய்யும் அக்கா எனக்குப் போன் செய்தார்.
5. நான் சோதித்துவிட்டு, கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் "டன்னல் ஓகே" என்று போட்டேன்.
6. ரவுட்டர் வைத்த ஐந்தாம் நாள் அக்காவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.
7. அதற்கு ஒன்பது நாள் கழித்து, கோளாறு டன்னலில்தான் என்று கண்டுபிடித்தேன்.

நான்காவதற்கும் ஐந்தாவதற்கும் நடுவில் பத்து நிமிடம்கூட இல்லை.

"மேடம், ரிப்போர்ட் போயிடுது. போட்டோ ஏத்துனா பாதில நின்னு சுத்திகினே கீது" என்றார் அக்கா.

"இருங்கக்கா, பாக்கறேன்."

யூனிட் கணினிக்கு பிங் அடித்தேன். சின்னப் பொதி ஒன்றை அனுப்பி, பதில் வருகிறதா என்று பார்ப்பதுதான் பிங். நான்கு அனுப்பினேன், நான்கும் திரும்பி வந்தன.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. திரும்பப் போட்டுப் பாருங்க."

"மூணு வாட்டி போட்டாச்சு மேடம். உங்க சீட்ல இருந்து பாத்தா சரியாத்தான் தெரியும். இங்க வந்து பாரு."

நான் போகவில்லை. அந்த நான்கு வரிகளைப் படம் பிடித்து குரூப்பில் போட்டேன். எங்கள் கம்பெனியில் எந்தப் புகாரும் அப்படித்தான் முடியும்: ஒரு ஸ்கிரீன்ஷாட், ஒரு "ஓகே", கீழே ஏழெட்டு கட்டைவிரல்.

மேனேஜர் அதை வைத்துக் கணக்குப் போட்டார். "லைன் ஓகே. ரிப்போர்ட் வருது. போட்டோ மட்டும் எப்படி வராம போகும்? எடுத்திருந்தாத்தானே வரும்?" அளந்த அன்றே போட்டோ ஏறியிருக்க வேண்டும் என்பது வாடிக்கையாளரின் நிபந்தனை. போட்டோ இல்லாததால் சரக்கு திரும்பி வந்தது. அளக்காமலே ரிப்போர்ட் எழுதுகிறார் என்று சொல்லி அக்காவை அனுப்பினார்கள். அவரை வேலைக்கு அனுப்பிய காண்ட்ராக்டரிடமும் அதையே சொன்னார்கள்.

அக்காவின் அப்பாவும் அம்மாவும் பக்கத்து ஊர் நிலங்களில் கூலி வேலை செய்தவர்கள். அக்கா யூனிட்டுக்குப் பெட்டி கட்டும் வேலைக்கு வந்து, மைக்ரோமீட்டர் பிடித்து அளக்கக் கற்று, ஆறு வருடத்தில் ஆய்வு மேசைக்குப் போனவர். பொய் ரிப்போர்ட் எழுதுகிறவர் என்று பெயர் வந்தால் அந்த மேசை எந்தக் கம்பெனியிலும் கிடைக்காது. எனக்கு அது தெரியும். ஆனாலும் அவர் போனதைக் கேட்டபோது, நான் பார்த்ததைத்தானே சொன்னேன் என்றுதான் நினைத்தேன்.

ஒன்பது நாள் கழித்து யூனிட்டில் பிரின்டர் மாற்றப் போனேன். ஆய்வு மேசைக்கு அதுவரை வேறு ஆள் வரவில்லை. அங்கிருந்து ஒரு பெரிய ஃபைலை அலுவலகத்துக்கு அனுப்பினேன். பாதியில் நின்று சுற்றியது.

பிங்கை இந்த முறை பெரிய பொதியோடு அடித்தேன். 1392 பைட்: பதில் இல்லை. 1300: வந்தது. பழைய கேபிள் தாங்கிய பொதியளவை சிம் இணைப்பு தாங்கவில்லை. சின்னவை நுழைந்தன, பெரியவை வழியிலேயே விழுந்தன. ரவுட்டர் மாறிய அன்றே பார்த்திருக்க வேண்டியது, பாடத்தில் வருவது. அமைப்புக் கோப்பில், பொதியின் உச்ச அளவைச் சொல்லும் எம்டியு என்ற வரியை 1420-லிருந்து 1280 ஆக்கி, டன்னலை நிறுத்தி மறுபடி தொடங்கினேன்.

அப்போது யூனிட் கணினியில் காத்திருந்த போட்டோக்கள் தாமாக ஏறத் தொடங்கின. ஒவ்வொரு உதிரிபாகத்தின் மேலும் மைக்ரோமீட்டர், ஓரத்தில் அக்காவின் கட்டைவிரல். ஐந்து நாள் போட்டோக்கள். ஒவ்வொன்றும் கணினிக்கு வந்த நேரம் அதிலேயே பதிவாகியிருந்தது, எல்லாம் அந்தந்த நாள் மாலை. இதை அம்பத்தூரில் உட்கார்ந்தே ஒரு கட்டளையில் பார்த்திருக்கலாம்.

மேனேஜரிடம் காட்டினேன். "இப்ப சரியாயிடுச்சில்ல? விடும்மா. திரும்பக் கூப்பிட்டா, தப்பு நம்மளோடதுன்னு ஆயிடும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பருத்திப்பட்டில் அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தவர் எழுந்திருக்கவில்லை.

"இன்னா மேடம், ஊட்லயும் நெட்டு பாக்க வந்துட்டியா?"

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு சட்டையைப் பிழிந்து முடித்தார்.

"அப்போ நான் பொய் சொல்லல."

"இல்லக்கா."

"எனக்கு அது அன்னிக்கே தெரியும். உனக்கு இப்பத்தான் தெரியுது."

"மன்னிச்சிடுங்கக்கா."

"அத்த வெச்சிகினு நான் இன்னா பண்றது? காண்ட்ராக்டரு என் மூஞ்சியக்கூட பாக்க மாட்டேன்றான். குரூப்ல எல்லாருக்கும் தெரியுற மாதிரி போட்ட இல்ல? இத்தயும் அங்கயே போடு."

பஸ் நிறுத்தத்தில் நின்றே எழுதினேன்: டன்னலில் கோளாறு இருந்தது, நான் சரியாகச் சோதிக்கவில்லை, போட்டோக்கள் அன்றன்றே எடுக்கப்பட்டவை. ஃபைல் நேரங்களையும் சேர்த்து குரூப்பில் போட்டேன். சில நிமிடங்களில் அது அழிக்கப்பட்டது. பிறகு மேனேஜர் போன் செய்தார். "உனக்கும் வேலை வேணுமா, வேணாமா?" என்பதைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. பார்த்தவர்கள் யாரும் அதைப்பற்றி இதுவரை என்னிடம் பேசவில்லை. முதலாளிக்கு மெயில் அனுப்பினேன், பதில் வரவில்லை. காண்ட்ராக்டரை நேரில் பார்த்தேன். அக்கா மேல் தப்பில்லை என்று கம்பெனி சீல் வைத்த கடிதம் வேண்டும் என்றார்.

டன்னல் இப்போது 1280-ல் ஓடுகிறது, போட்டோக்கள் அன்றன்றே ஏறுகின்றன. ஆய்வு மேசையில் வேறொருவர் இருக்கிறார். அக்கா திருமழிசையில் பெட்டி கட்டும் வேலைக்குப் போகிறார். சீல் வைத்த கடிதம் கிடைக்கவில்லை. நான் அதே கம்பெனியில்தான் வேலை செய்கிறேன்.