பூசையில் இருந்த துப்பாக்கி

கெங்குவார்பட்டியில் சுருளியாண்டியின் வீட்டுக்கு வழி கேட்டால் யாரும் தெருப் பெயர் சொல்லமாட்டார்கள். எண்ணெய் வாடை அடிக்கிற வீடு என்பார்கள். செக்குக்காரர் வீடு என்று நினைத்து வெளியூர்க்காரர்கள் தூக்குச்சட்டியோடு வந்து நின்றதும் உண்டு. அந்த வீட்டில் மனிதர் தலைக்குத் தேய்த்த தேங்காய் எண்ணெயைவிடத் துப்பாக்கிக்குத் தேய்த்தது அதிகம்.

முதல் உலகச் சண்டையின்போது அவர் பட்டாளத்துக் கூலியாளாகச் சேர்ந்து ஈராக்கில் பஸ்ராவுக்குப் போனார். அவர் சண்டை போட்டவர் என்று ஊரில் சிலர் சொல்வது சரியல்ல. அங்கே ஆயுதக் கிடங்கில் அவருக்கு வேலை. சேறும் மணலுமாக வந்து குவியும் துப்பாக்கிகளை வெந்நீர் விட்டுக் கழுவி, துடைத்து, எண்ணெய் தடவி, வரிசையாகச் சாத்தி வைக்கவேண்டும். சண்டை முடியும்வரை அதையே செய்தார். அவர் கழுவிய துப்பாக்கியில் அழுக்கு இருந்ததாக ஒரு சொல் வந்ததில்லை. குடும்பத்தில் யாருக்கும் அதற்கு முன் அப்படி ஒரு பெயர் கிடைத்ததில்லை.

ஊர் திரும்பியதும் மலையடிவாரத்துக் கடலைக்காட்டைப் பன்றி உழுவதாகச் சொல்லி லைசென்ஸ் வாங்கினார். பட்டாளத்துக் காகிதம் இருந்ததால் மறுக்கவில்லை. பன்றிக்கு ஒரு துப்பாக்கி போதும். அவரிடம் சில வருஷங்களில் மூன்று சேர்ந்தன. மூன்றும் பட்டாளம் வேண்டாமென்று கழித்தவை. ஒன்று வாய்ப்பக்கமாக மருந்து கெட்டிக்கும் பழைய மஸ்கட். இரண்டாவது ஸ்னைடர், பின்னால் ஒரு மூடியைத் திறந்து தோட்டா போடுவது. மூன்றாவதுதான் அவருக்கு உயிர். அதன் பெயர் மார்ட்டினி. பிடிக்குக் கீழே உள்ள வளையத்தை இறக்கினால் பின்வாய் திறக்கும், ஏற்றினால் மூடிக்கொள்ளும். ஊரார் அதை மார்த்தாண்டன் என்றார்கள். அவர் திருத்தவில்லை.

சுடுவதில் அவர் சுமார். பன்றியைக் குறிவைத்து ஒருமுறை பக்கத்துக் காட்டுப் பூசணியை அடித்திருக்கிறார். ஆனால் சத்தம் கேட்டுப் பன்றிகள் மலையேறிவிடும். வேலை நடந்தால் சரிதானே. சுடுவதைவிட அதற்குப் பிறகு வருவதுதான் அவருக்கு முக்கியம். அந்தக் காலத்துத் தோட்டாவில் இருப்பது கரிமருந்து. வெடித்த பிறகு குழலுக்குள் தங்கும் கசடு காற்றின் ஈரத்தைக் குடித்து, விடிவதற்குள் இரும்பைத் தின்ன ஆரம்பித்துவிடும். அதனால் சுட்ட அன்றே கொதிக்கிற நீரைக் குழலில் ஊற்றி, துணி வெள்ளையாக வரும்வரை துடைக்கவேண்டும். காட்டில் வெடிச் சத்தம் கேட்டதும் அவர் மனைவி ராஜாத்தி, சோற்றுப்பானையை இறக்கிவிட்டு வெந்நீருக்கு அண்டா ஏற்றுவாள். ஒருநாள் அது கல்யாண வீட்டு அதிர்வேட்டு. வெந்நீர் வீணாகக்கூடாது என்று சுருளியாண்டி அன்றும் மூன்றையும் கழுவினார்.

தோட்டாக்கள் குமுளிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரையிடமிருந்து வந்தவை. துரை சீமைக்குத் திரும்பியபோது, தோட்டத்துத் துரைமார் சேர்ந்து நடத்திக் கலைந்துபோன தொண்டர்படையின் மிச்சமாக ஒரு மரப்பெட்டி கிடந்தது. ஒவ்வொரு சித்திரையிலும் சுருளியாண்டி அவற்றை நிழலில் ஓலைப்பாயில் பரப்பி, ஒவ்வொன்றாகப் புரட்டி வைப்பார். கறிவடகம் என்று எண்ணிக் காக்கை வந்தால் ராஜாத்தி ஓட்டவேண்டும்.

ஆயுத பூசை அந்த வீட்டில் தீபாவளியைவிடப் பெரியது. மூன்று துப்பாக்கிகளையும் மணைப்பலகையில் கிடத்தி, அவற்றின் மரக்கட்டையில் சந்தனம் பூசி, பூச்சரம் சுற்றுவார். தோட்டாப்பெட்டியும் திறந்து பக்கத்தில் இருக்கும். ஒவ்வொரு தோட்டாவின் அடிப்பாகத்திலும், சரியாக நடுவில், மஞ்சள்நீர் தொட்டு ஒரு சந்தனப் பொட்டு வைப்பார். கோணலாகப் போனால் துடைத்துவிட்டு மறுபடி வைப்பார். சூடம் காட்டியபின் மறுநாள் காலை மறுபூசை ஆகும்வரை யாரும் தொடக்கூடாது. ஆயுதத்துக்கு அது ஒன்றுதான் ஓய்வு. பஸ்ராவிலிருந்து வந்த நாள்முதல் அவர் இதை மீறியதில்லை.

இரண்டாம் சண்டை தொடங்கிய மறு வருஷம், அந்தப் பூசை நாளில், பெரியகுளம் தாலுகா ஆபீசிலிருந்து ரெவின்யூ இன்ஸ்பெக்டர் குருசாமி வந்து இறங்கினார். பெயர் குருசாமி என்றாலும், போடி கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த கிறிஸ்தவக் குடும்பம். ஆபீசில் எல்லோரும் பூசைக்கு லீவு எடுத்துவிட்டதால் இந்த வேலை அவர் தலையில் விழுந்திருந்தது. கூட வந்தவர் ஊர்த் தலையாரி ஒச்சாண்டி. செய்தி இதுதான்: பழைய பட்டாளத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அது பழுதில்லாமல் வெடிப்பதைக் காட்டவேண்டும். காட்டாதவற்றை மதுரைக்கு அனுப்பி உடைத்துவிடுவார்கள். இன்றோடு சோதனை முடிகிறது. ஒன்றை வெடித்துக் காட்டினால் மூன்றுக்கும் எழுதிவிடுவதாகக் குருசாமி தாராளமாகவே சொன்னார்.

சுருளியாண்டி, நாளைக் காலையில் தானே பெரியகுளத்துக்கு எடுத்து வருவதாகச் சொன்னார். குருசாமி தலையசைத்தார். மதுரைக்குப் போகும் வண்டி இன்று சாயங்காலமே புறப்படுகிறது. ஒச்சாண்டியிடம் தூக்கச் சொன்னால், அவன் பூசையில் இருப்பதைத் தொடமாட்டேன் என்று இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

சுருளியாண்டியின் அக்காள் கஸ்தூரியம்மாள் சுண்டலோடு வந்தவள், நிலைமையைக் கேட்டுக்கொண்டாள். தம்பியின் முகம் மணைப்பலகைக்கும் வாசலுக்குமாகப் போய்வந்தது. தொட்டால் சாமிக்கு ஆகாது. தொடாவிட்டால் மூன்றும் சம்மட்டிக்குப் போகும்.

"ஏலே சுருளி, நீயும் தொட வேண்டாம், ஒச்சாண்டியும் தொட வேண்டாம். இந்தா நிக்கிறாகள்ல, இவுக வேதக்காரக. இவுகளுக்கு ஏது ஆயுத பூசை?" என்றாள்.

குருசாமி யோசித்தார். தமக்குத் துப்பாக்கி பிடித்துப் பழக்கமில்லை என்பதை அவர் சொல்லியிருக்கலாம். தலையாரி முன்னால் சொல்ல மனம் வரவில்லை.

எல்லோரும் வீட்டுக்குப் பின்னால் ஓடைக்குப் போனார்கள். குருசாமி மார்ட்டினியைப் பூச்சரத்தோடும், பெட்டியிலிருந்து ஒரு தோட்டாவைப் பொட்டோடும் எடுத்து வந்தார். சுருளியாண்டி நான்கடி தள்ளி நின்று வாயால் மட்டும் வழி சொன்னார். வளையத்தை இறக்குங்க. தோட்டாவை விடுங்க. ஏத்துங்க. கட்டையைத் தோளோடு ஒட்டி வைங்க, இடைவெளி விட்டா அறையும். எதிரே ஓடைக்கரை மண்மேடு. அதைப் பார்த்து விசையை அழுத்தவேண்டியதுதான். ராஜாத்தியும் கஸ்தூரியம்மாளும் பின்னால், வேலியோரம் நின்றார்கள்.

குருசாமி கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார். உள்ளே ஊசி தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. வேறொன்றும் நடக்கவில்லை.

பஸ்ராக் கிடங்கில் சேர்ந்ததும் சொல்லித் தருகிற பாடம் ஒன்று உண்டு. விசையை அழுத்தி வெடிக்காவிட்டால் குழலை அசைக்காமல் மண்ணைப் பார்த்தபடியே நிற்கவேண்டும். மருந்து உள்ளே புகைந்துகொண்டிருக்கலாம். சுருளியாண்டியின் தோட்டா அதுவரை ஒன்றும் பொய்த்ததில்லை. அதனால் இன்ஸ்பெக்டருக்கு அதைச் சொல்லவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

"வெடிக்கலயேப்பா" என்று சொல்வதற்காகக் குருசாமி திரும்பினார். துப்பாக்கியும் அவரோடு திரும்பியது. குழல் ஒச்சாண்டியைக் கடந்து, வேலியோரம் நின்ற ராஜாத்தியை நோக்கிப் போனது.

சுருளியாண்டி பாய்ந்து, இரண்டு கையாலும் குழலைப் பிடித்து மண்மேட்டுப் பக்கம் தள்ளினார். அப்போது வெடித்தது.

புகை விலகியதும் குருசாமி ஓடை மணலில் உட்கார்ந்திருந்தார். மண்மேட்டில் ஒரு சுண்டல் சட்டி அளவுக்குப் பள்ளம். பூச்சரம் அறுந்து ஒச்சாண்டியின் தோளில் கிடந்தது. ராஜாத்தியைக் காணவில்லை. வெந்நீர் போட வீட்டுக்குள் போயிருந்தாள்.

"வெடிக்குது" என்றார் குருசாமி, மணலிலிருந்தே. அங்கேயே காகிதத்தை முழங்காலில் வைத்து மூன்று துப்பாக்கிக்கும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சுருளியாண்டி தம் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். குழலின் கரியும் சந்தனமும் கலந்து ஒட்டியிருந்தன. துப்பாக்கிகள் தங்கிவிட்டன என்ற சந்தோஷம் ஒருபக்கம். மழை இருட்டிக்கொண்டு வந்தது மறுபக்கம். குழலுக்குள் கசடு. நாளைக் காலைவரை விட்டால் செம்புள்ளி விழுந்துவிடும்.

குருசாமியே துப்பாக்கியைத் தூக்கிவர, எல்லோரும் வீடு திரும்பியபோது ராஜாத்தி அண்டாவை இறக்கி வைத்தாள். "அதான் தொட்டாச்சுல்ல. இன்னும் என்ன, கழுவி வைங்க."

"புடிச்சது உன் உசுருக்காக. சாமிக்கே தெரியும். கழுவறது வேலை. வேலை இன்னிக்குக் கூடாது" என்றார் சுருளியாண்டி.

பிறகு எல்லோரும் மெதுவாகக் குருசாமியைப் பார்த்தார்கள்.

அவர் கோட்டைக் கழற்றிக் கொடியில் போட்டார். முற்றத்தில் குந்தி, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, கொதிக்கும் நீரைக் குழலில் ஊற்றினார். துணி சுற்றிய குச்சியை விட்டு இழுத்துக் காட்டினார். சுருளியாண்டி துணியைப் பார்த்துவிட்டு, இன்னும் ஒருதரம் என்றார். மறுபடி காட்டினார். மறுபடியும் அதே பதில். உங்கள் லைசென்ஸைப் பார்க்கத்தானே நான் வந்தேன் என்று குருசாமி ஒருமுறை ஞாபகப்படுத்தினார். அதை யாரும் மறுக்கவில்லை. துணி ஓரளவு வெள்ளையாக வந்ததும் கஸ்தூரியம்மாள் அவர் கையில் சுண்டலைக் கொடுத்து, மழைக்கு முன்னால் வண்டியேற்றி அனுப்பினாள்.

அன்று சுருளியாண்டி பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, தொடாமல், தோட்டாக்களைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றின் நடுவிலும் வட்டமாக, அழகாக, சந்தனம் காய்ந்திருந்தது. ஊசி தட்டி நெருப்புப் பிறக்கவேண்டிய இடம் அதுதான். வருஷம் தவறாமல், கோணலில்லாமல், அவர் மஞ்சள்நீர் விட்டு நனைத்த இடமும் அதுதான். அக்காள் கேட்டபோது, "மருந்து நல்ல மருந்துதான்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை மறுபூசை முடிந்ததும் தோட்டாப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு மஞ்சளாற்றுக்குப் போனார். ஆழமான மடுவாகப் பார்த்து அத்தனையையும் கொட்டினார். வெறும் பெட்டியோடு திரும்பி வந்தார். அந்தப் பெட்டியில் ராஜாத்தி பின்னாளில் வெங்காயம் போட்டு வைத்தாள்.

அதன்பின் புதுத் தோட்டா வாங்கினார். பூசையன்று துப்பாக்கிகளுக்குச் சந்தனம் முன்பைவிட அதிகம். தோட்டாக்கள் மட்டும் பக்கத்து அறையில், மூடியிட்ட தகரப்பெட்டியில் இருக்கும். அவற்றுக்குக் கதவுக்கு வெளியே நின்றே சூடம் காட்டுவார்.

இன்னொன்றும் அந்த மறுநாளில் நடந்தது. மடுவிலிருந்து திரும்பியதும் மார்ட்டினியை எடுத்து, சுத்தமான துணியை உள்ளே விட்டு இழுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு ராஜாத்தியிடம் அண்டா வைக்கச் சொல்லி முதலிலிருந்து கழுவினார். குருசாமிக்கு அது தெரியாமல் பார்த்துக்கொண்டார்கள்.